தகட்டில் வரைந்த கடற்கரை

அந்தக் குடாவுக்குள் நான் இறங்கியபோது என் தோளில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. நீல நைலான் கயிறு போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிய பெட்டி. லீவுக்கு ஊர் போகிறவர்கள் ஷார்ஜா விமான நிலையத்தில் தள்ளிக்கொண்டு போவார்களே, அதே பெட்டிதான்.

கீழே கடல் உள்பக்கம் வளைந்து வந்து அரைவட்டமாக நின்றது. மணல் அப்படி ஒரு வெள்ளை. கோலமாவைக் கொட்டிப் பரப்பியதுபோல இருந்தது. கரையோரத் தண்ணீர் பச்சை, தள்ளிப் போகப் போகக் கருநீலம். அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் கொஞ்சம் மேலே வரும், யோசிக்கும், திரும்பிப் போகும்.

மனிதர் யாரும் இல்லை. ஏழெட்டுச் செம்மறி ஆடுகள் மேய்வதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தன. பிறகு பெட்டியைப் பார்த்தன. காற்றில் காய்ந்த கடற்பாசி வாசனையும், எங்கோ மண் கட்டி எரிகிற புகை வாசனையும் கலந்து வந்தன. அந்தத் தீவில் விறகு கிடையாது. கருப்பு மண்ணை வெட்டி, காயவைத்து, அதைத்தான் அடுப்பில் போடுகிறார்கள்.

வலது பக்கம், தண்ணீருக்குள் ஒரு பாறை. ஒட்டகம் படுத்திருப்பது மாதிரி. அதைப் பார்த்ததும் சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்தது. பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

அந்தக் கரையில் ஒரே ஒரு வீடு. அதில் இருப்பவரிடம் நான் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வந்திருந்தேன். ஆறேழு வருஷமாக யாரிடமும் சொல்லாத தப்பு. பெட்டியைக் கட்டிக் கொடுத்தனுப்பியவர்களுக்கும் அது தெரியாது.

பத்து மணி டீ

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் தொழிலாளர் கேம்ப் சமையலறையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: உங்களுக்கு மேலே இருந்த வெள்ளைக்காரர்கள் எப்படி நடத்தினார்கள்? எல்லோரையும் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. இயன் சாரைப் பற்றிச் சொல்லலாம்.

கடலில் எண்ணெய் எடுக்கிற மேடைகளுக்குக் கால் செய்து அனுப்புகிற ஷார்ஜா யார்டு எங்களுடையது. இயன் சார் அங்கே பெரிய மேற்பார்வையாளர். ஸ்காட்லாந்துக்காரர். பதினாறு வருஷம் அதே யார்டில், அதே வெளுத்துப்போன தொப்பியோடு இருந்தார்.

எங்கள் கேங்கில் பதினொரு பேர். பெரும்பாலும் அரியலூர், பெரம்பலூர், கள்ளக்குறிச்சிப் பக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து யோகன் மட்டும். எல்லோருக்கும் தலை செல்வராசு அண்ணன். அவர் ரிக்கர். கிரேனில் எது தூக்குவதானாலும் அவர் கை வைத்துக் கட்டியிருந்தால்தான் ஆபரேட்டர் லீவரைத் தொடுவார்.

நான் பன்னிரண்டாவது ஆள், ஹெல்பர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆளும் நான்தான். டிப்ளமோ படித்திருக்கிறேன் என்று தெரிந்ததும் கேபினில் உட்காரவைத்துக் கடிதம் எழுதச் சொன்னார்கள். அன்றிலிருந்து கேங்கில் எனக்குப் பெயர் ‘காயிதம்’.

காயிதம், இந்த மருந்துல என்ன போட்டிருக்கு? காயிதம், டிக்கெட்டுல எத்தனை மணிக்கு? காயிதம், விசா குடுத்த கஃபீல் என்னமோ அனுப்பியிருக்கான், படி. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கூப்பிடுவார்கள். அந்த வயதில் அது எனக்குப் பதவிபோல இருந்தது. பதினொரு பேருக்கும் உலகத்தை நான்தான் படித்துச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணி டீயை மற்ற அதிகாரிகள் ஏசி கேபினில் குடிப்பார்கள். இயன் சார் மட்டும் மக்கைத் தூக்கிக்கொண்டு, இரும்புத் தகடுகள் அடுக்கியிருக்கும் நிழலுக்கு எங்களிடம் வந்துவிடுவார். அவர் பேசுவது தனி பாஷை. பாதி ஆங்கிலம், கொஞ்சம் இந்தி, கொஞ்சம் அரபி. நடுவில் செல்வராசு அண்ணன் சொல்லிக்கொடுத்த இரண்டு தமிழ்க் கெட்ட வார்த்தைகள். அவற்றுக்கு அர்த்தம் ‘சபாஷ்’ என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் யோகன் கேட்டார், உங்கட ஊர் எப்பிடி இருக்கும் சார் என்று. இயன் சார் பக்கத்தில் கிடந்த தகட்டில், வெட்டுக்கோடு போடுகிற சாக்பீஸால் வரைந்து காட்டினார். இது கடல். இது பிறை மாதிரி மணல். இது வீடு. இது மேலே ஏறுகிற ஒத்தையடிப்பாதை. இது பாறை, படுத்திருக்கிற மாடு மாதிரி இருக்கும்.

செல்வராசு அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “மாடு இல்ல சார். கேமல்” என்றார்.

“மாடு. எங்கள் ஊரில் ஒட்டகம் ஏது?”

“ஊர்ல இல்லாட்டி என்ன சார், கடல்ல இருக்கு.”

பல வருஷம் ஓடிய சண்டை அது. கேங்கில் அது ஒட்டகப் பாறை என்றே நிலைத்துவிட்டது. ஜூலை மாதம் மதிய இடைவேளையில், கன்டெய்னர் நிழலில் அட்டை விரித்துப் படுத்திருக்கும்போது யாராவது முனகுவார்கள், “சார் ஊருக்குப் போய்ட்டு வரலாமாடா?” லீவு கேட்டுக் கிடைக்காதவனிடம் மற்றவர்கள் சொல்வார்கள், “விடு, ஒட்டகப் பாறையில போய் உக்காந்துட்டு வா.”

அந்தச் சாக்பீஸ் படத்தை நான் செல்போனில் எடுத்து வைத்திருந்தேன். தகடு மறுநாளே உருளைக்குள் போய் வளைந்து, பற்றவைக்கப்பட்டு, ஒரு மேடையின் காலாகிவிட்டது. உள்பக்கம் அழிக்க யாருக்கு நேரம்? இன்றும் ஏதோ ஒரு கடலுக்கடியில் அந்தக் காலுக்குள்ளே இயன் சாரின் ஊர் இருக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ரிப்பேர் நடக்குதாம்

யார்டிலிருந்து வடக்கே அரை மணி நேரம் நடந்தால் ஒரு சின்னக் கடற்கரை உண்டு. புல் தரை, ஈச்சமரம், குழந்தைகளுக்கு ஊஞ்சல் எல்லாம் போட்ட இடம். ஒரு வெள்ளிக்கிழமை செல்வராசு அண்ணன், யோகன், நான் மூன்று பேரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அங்கே போனோம்.

நான் ரெண்டடி முன்னால் நடந்தேன். வாசலில் அரபியிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை. வெள்ளிக்கிழமைகளில் குடும்பங்களுக்கு மட்டும். வாட்ச்மேன் கையை ஆட்டி என்னிடம் தணிந்த குரலில் சொன்னான், “பேச்சிலர் மாஃபி, பாய்.” குடும்பம் கூட இல்லாத ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று அர்த்தம். அவனும் பேச்சிலர்தான். எங்களைப் போல ஏதோ ஒரு ரூமில் எட்டில் ஒருவனாகப் படுத்து எழுந்து வருகிறவன்தான்.

அண்ணன் பின்னாலிருந்து கேட்டார், “காயிதம், என்னடா எழுதியிருக்கு?”

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் கல்யாண வயதில் பெண் இருந்தாள். அவரைப் பார்த்து உங்களை உள்ளே விடமாட்டார்களாம் என்று எப்படிச் சொல்வது? உள்ளே ரிப்பேர் வேலை நடக்குதாம் என்றேன். அண்ணன் உடனே திரும்பி நடந்தார். வழியில் ஆளுக்கொரு சமோசா தின்றுவிட்டு கேம்புக்கு வந்துவிட்டோம்.

நல்லது செய்துவிட்டதாகவே அன்றைக்கு நினைத்தேன்.

யெஸ் சார்

அதற்கு அடுத்த வருஷம் இயன் சார் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். கடைசி வாரம் முழுக்க அவருக்கு மீட்டிங். புதன்கிழமை கேபினுக்குள் அவசரமாக வந்து, ஒரு சின்னத் தாளில் எழுதி என்னிடம் நீட்டினார். வெள்ளிக்கிழமை நாலு மணி. பையன்கள் எல்லோரும். டீ நான் கொண்டு வருகிறேன்.

கீழே இடத்தின் பெயர். அதே கடற்கரை.

நான் “யெஸ் சார்” என்றேன்.

கல்ஃபில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த யெஸ் சார் தெரியும். முடியும் என்றும் அர்த்தம் இல்லை, செய்கிறேன் என்றும் அர்த்தம் இல்லை. காதில் விழுந்தது, அவ்வளவுதான். பெரியவர் எதிரில் ‘நோ’ என்கிற வார்த்தை எங்கள் வாயில் உருவாகவே உருவாகாது. சார், அங்கே எங்களை விடமாட்டார்கள் என்ற ஒரு வரியை இங்கிலீஷில் சொல்ல எனக்குத் தெரியும். டிப்ளமோ படித்தவன். ஆனால் சொல்லவில்லை.

தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரெண்டு நாள் திரிந்தேன். பதினொரு பேரையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வாசலில் நிற்பது, வாட்ச்மேன் கையை ஆட்டுவது, பிள்ளைகுட்டிகளோடு உள்ளே போகிறவர்கள் எங்களைத் திரும்பிப் பார்ப்பது, எல்லாம் கண்ணுக்குள் வந்தது. அதோடு ரிப்பேர் என்று நான் சொன்ன பொய்யும் வெளியே வரும். ஊருக்குப் போகிற நேரத்தில் பெரியவர்கள் இப்படி ஏதாவது சொல்வார்கள், அவரே மறந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் கேம்பில் என் கட்டிலில் படுத்திருந்தேன். வெளியே அண்ணன் துணி அலசிக்கொண்டே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். “வியாழக்கிழமை ரெண்டு மணி நேரம் கேபின் வாசல்ல நின்னேன். சார் மீட்டிங்க விட்டு வெளியவே வரல. இன்னைக்காவது கேம்புக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவாருன்னு பாத்தேன்.” நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை சார் விமானம் ஏறிவிட்டார்.

கம்பெனி வண்டி ஓட்டிய மலையாளி குட்டிக்கா சில மாதம் கழித்து ஏதோ பேச்சில் என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவர்தான் சாரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனவர். பாய் விரித்து, டிரம் நிறைய சாயா வைத்து, பன்னிரண்டு கப்பை வரிசையாக அடுக்கிக்கொண்டு சார் உட்கார்ந்திருந்தாராம். சாயந்தரத் தொழுகைக்கு மக்ரிப் பாங்கு சொன்ன பிறகுதான் எழுந்தாராம். சாயாவை அப்படியே மணலில் ஊற்றிவிட்டு வந்தார்களாம்.

அதைக் கேட்ட நாளிலிருந்து அந்தத் தாள் என் பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது. கிழிக்கவும் முடியவில்லை, எடுத்துக் காட்டவும் முடியவில்லை.

கோவம் வேற, பொட்டி வேற

யார்டு பிறகு மூடப்பட்டது. கேங்கு சிதறியது. இரண்டு பேர் தோஹாவில் நஜ்மாவில் இருக்கிறார்கள், ஒருவன் பஹ்ரைனில் குதைபியாவில். சிலர் ஊரோடு போய்விட்டார்கள். செல்வராசு அண்ணன், யோகன், இன்னொருவர், நான், நாலு பேரும் ஷார்ஜா ரோலாவில் மணி எக்ஸ்சேஞ்சுக்குப் பின்னால் ஒரு ஃபிளாட்டில், ஆளுக்கொரு கட்டிலை வாடகைக்கு எடுத்து, பெட் ஸ்பேஸில் இருக்கிறோம். நான் தினமும் பஸ் பிடித்து துபாய் ஆபீஸுக்குப் போய் வருகிறேன். வெள்ளிக்கிழமை லீவு இப்போது ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டது. மற்றபடி காயிதம், காயிதம்தான்.

இயன் சார் பேச்சு வந்தால் அண்ணன் ஒரே வரியில் முடித்துவிடுவார். “பதினாறு வருசம். போறேன்னு ஒரு வார்த்தை சொல்லல.” அதோடு எழுந்து போய்விடுவார்.

இந்த வருஷம் ஆபீஸில் என்னை ரெண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எங்கே என்றால் ஸ்காட்லாந்துக்கு. ரூமில் சொன்னேன். யோகன், “அட, ஒட்டகப் பாறைக்கு ஆள் போகுதடாப்பா” என்றார். அண்ணன் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் நான் வேலை விட்டு வந்தபோது ரூம் நடுவில் ஒரு காலி அட்டைப்பெட்டி இருந்தது. அண்ணன் கயிறு அளந்துகொண்டிருந்தார்.

யாராவது பயணம் போகிறார்கள் என்றால் பெட்டி போட வேண்டும். அது கல்ஃப் ரூம்களின் சட்டம். ஊருக்குப் போகிறவன் பெட்டியில் பாதி அடுத்தவன் வீட்டுக்கானது. சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிறவன்கூடப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்துவிட்டுப் போவான். அண்ணே, நீங்கதான் சார் மேல கோவமா இருக்கீங்களே என்று கேட்டேன்.

“கோவம் வேற, பொட்டி வேற. அந்த ஊருக்கே ஆள் போறப்ப வெறுங்கையோட அனுப்புறதா?”

டீத்தூள், ஏலக்காய், நேந்திரம் சிப்ஸ், கோடாலித் தைலம், எலுமிச்சை ஊறுகாய். யோகன் ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு கட்டிக்கொண்டு வந்தார். கடலுக்கு நடுவில் இருக்கிறவருக்குக் கருவாடா என்று கேட்டதற்கு, அங்கே வெயில் இல்லை, காய வைக்க மாட்டார்கள் என்று விளக்கம் சொன்னார். டின் பால் ஆறு வைத்தார்கள். பால் சாமான் அந்த நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று நான் விதிகளைப் படித்துச் சொல்லி வெளியே எடுத்தேன். “படிச்சவன் இருக்கற வீட்டுல பால் டீ கெடைக்காது” என்றார் அண்ணன்.

கடைசியில் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தார். மெல்லிய இரும்பு வடக்கயிற்றைப் பிரித்துப் பின்னி, நுனியில் ஒரு கண் வைத்த சாவி வளையம். அன்றைக்கு வியாழக்கிழமை கேபின் வாசலில் கையில் வைத்துக்கொண்டு நின்றது அதுதான். கருவாட்டு வாசனை படாமல் டீத்தூளுக்குள் புதைத்து வைத்தார்.

பெட்டியின் மூன்று பக்கமும் நான் ஆங்கிலத்தில் பெயர் எழுதினேன். நாலாவது பக்கத்தில் அண்ணன் மார்க்கரை வாங்கி, தமிழில் பதினொரு பெயரையும் எழுதினார். தோஹாவில் இருக்கிறவன், பஹ்ரைனில் இருக்கிறவன், ஊரில் இருக்கிறவன், ஒருத்தன் பெயரும் விடவில்லை. என் பெயரையும் எழுதட்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

துணி காயாத ஞாயிறு

சாருடைய விலாசம் என்று எங்களிடம் எதுவும் இல்லை. கல்ஃபில் யாருக்குத்தான் விலாசம் இருக்கிறது? மருந்துக் கடைக்குப் பின்னால், பச்சை லைட் ஹோட்டலுக்கு எதிரில், மூணாவது மாடி என்றுதான் இருபது வருஷமாக வாழ்கிறோம். அந்தப் பழக்கத்தில், தீவின் பெயரும் சாக்பீஸ் படமும் போதும் என்று கிளம்பிவிட்டேன். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட விசாரிக்கவில்லை. கப்பலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது.

ரயில், பஸ், பிறகு இரண்டரை மணி நேரம் கப்பல். சனிக்கிழமை மாலை ஒரு வீட்டில் தங்க அறை கிடைத்தது. அந்த வீட்டு அம்மாவிடம் மூன்று போன் மாறி வந்திருந்த அந்தப் படத்தைக் காட்டினேன். துருப்பிடித்த தகட்டில் வெள்ளைக் கோடு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தரம்தான் பார்த்தார். இது இயனுடைய இடமாயிற்றே என்றார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் நாளைக்கு ஞாயிறு, பஸ் கிடையாது, நடந்துதான் போக வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தீவில் கடவுளுக்கான ஓய்வு நாள்; கடை இல்லை, பஸ் இல்லை. கொடியில் ஒரு துணிகூடக் காயவில்லை. எனக்கு அந்த அமைதி புதிதாக இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிகிற வரை ஷட்டர் இறங்கிக் கிடக்கும் ரோலாத் தெரு ஞாபகம் வந்தது. ஒன்றரை மணி நேரம் பெட்டியைத் தோள் மாற்றி மாற்றி நடந்தேன். ஏற்றம் முடிந்ததும் கீழே அந்தக் குடா தெரிந்தது.

நான் பாதி இறங்கும்போதே வீட்டுக் கதவு திறந்தது. உயரமான ஆள், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. முடி சுத்தமாக வெளுத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பெட்டியைத் தெரிந்தது. நீலக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஷார்ஜா,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “காயிதம்?”

வீட்டுச் சுவரோரம் கடலைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்துதான் பெட்டியைப் பிரித்தார். கயிற்றை அறுக்க விடவில்லை, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். நாலாவது பக்கத்துப் பெயர்களைப் படிக்கச் சொன்னார். நான் படிக்கப் படிக்க ஒவ்வொருவரும் எங்கே, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுக்கொண்டார். கருவாட்டை மோந்து பார்த்துவிட்டுக் கடலைக் காட்டிச் சிரித்தார். டீத்தூளுக்குள்ளிருந்து துணி முடிச்சை எடுத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. கட்டைவிரலால் அந்தப் பின்னலைத் தடவினார். யார் செய்தது என்று கேட்கவில்லை. “செல்வா” என்று மட்டும் சொன்னார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பாஸ்போர்ட் உறையிலிருந்து தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் கையெழுத்து. அவர்களிடம் நான் சொல்லவே இல்லை சார் என்றேன். வாட்ச்மேன், பலகை, ரிப்பேர் பொய், போர்வை எல்லாவற்றையும் சொன்னேன். இங்கிலீஷ் பாதியில் தடுமாறியது. சொல்லி முடிக்கிற வரை அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் சொன்னது நான் எதிர்பார்க்காதது. அந்தக் கடற்கரைக்கு அவர் பல வருஷம் போய் வந்திருக்கிறார். ஒரு நாளும் அந்தப் பலகையைப் படித்ததில்லையாம். அவரை யாரும் நிறுத்தியதில்லை, படிக்க வேண்டிய தேவை வரவில்லை. அன்றைக்கு ஐந்து மணி தாண்டியும் யாரும் வராததால் எழுந்து வாசல் வரை நடந்தபோதுதான் முதல்முறையாகப் படித்தாராம். நாங்கள் பன்னிரண்டு பேரும் வந்து, வாசலில் நின்று, திரும்பிப் போயிருக்கிறோம் என்று முடிவு கட்டிவிட்டார். இப்படி ஒரு இடத்துக்கு அழைத்தோமே என்ற வெட்கத்தில், அன்று கேம்புக்கு வர அவருக்கு முகம் இல்லை. கடிதம் எழுத எத்தனையோ தரம் உட்கார்ந்து எழுந்துவிட்டாராம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

“என்னிடம் ஒரு ‘நோ சார்’ சொல்லியிருக்கலாம் நீ,” என்றார். “யார்டுக்குப் பின்னாலேயே கடல் இருந்தது. அங்கே உட்கார்ந்து குடித்திருப்போம்.”

அது உண்மைதான். யார்டுக்குப் பின்னால், கிரேனுக்கு அந்தப் பக்கம், கடல் இருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை.

“செல்வாவுக்கு இது தெரியுமா?”

“தெரியாது சார்.”

அவர் உள்ளே போய் ஃபிளாஸ்க்கும் ரெண்டு கப்பும் எடுத்து வந்தார். வீட்டில் சிக்னல் கிடையாது, மேட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார். “யல்லா, கிளம்பு” என்று முன்னால் நடந்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் வாயால் அந்த யல்லாவைக் கேட்டேன்.

மேட்டில்

அங்கே ரெண்டு மணி, ரோலாவில் ஐந்து மணி. கேங்கு குரூப்பில் வீடியோ கால் போட்டேன். கட்டம் கட்டமாக முகங்கள் வந்தன. நஜ்மா, குதைபியா, அரியலூர். ரோலா ரூமில் அண்ணன் பனியனோடு அடுப்படியில் நின்றார். பின்னால் யோகன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன காயிதம், பொட்டி போய்ச் சேந்துச்சா?”

“சேந்துச்சுண்ணே. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.”

இயன் சார் ரெண்டடி தள்ளிப் பாறையில் உட்கார்ந்திருந்தார். தமிழ் அவருக்குப் புரியாது. ஆனால் நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். எல்லாவற்றையும் சொன்னேன். நஜ்மாவில் யாரோ டிவியை அணைத்தார்கள். அண்ணன் கையை நீட்டி அடுப்பைக் குறைப்பது தெரிந்தது.

“பலகையில ரிப்பேர்னு போடலண்ணே. குடும்பத்துக்கு மட்டும்னு போட்டிருந்துச்சு. உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

“தெரியும்டா,” என்றார் அண்ணன்.

எனக்குப் புரியவில்லை.

“இருபத்தஞ்சு வருசமா கல்ஃபுல இருக்கேன். ஃபேமிலி, பேச்சிலர், இந்த ரெண்டு வார்த்தையும் எந்த எழுத்துல எழுதுனாலும் எனக்குத் தெரியும். வாட்ச்மேன் கையை ஆட்டுனா என்ன அர்த்தம்னு நீ படிச்சுத்தான் சொல்லணுமா? புள்ள சங்கடப்படுதேன்னு சும்மா வந்தேன்.”

பின்னால் யோகன் தலையை ஆட்டினார். “ஓம், எனக்கும் விளங்கினது. நீ பாவம் எண்டு விட்டம்.”

அண்ணன் குரல் உயரவே இல்லை. “எங்களுக்காக வெக்கப்பட்டது நீதான். நாங்க இல்ல. சார் கூப்பிட்டாருன்னா நாங்க போயிருப்போம். உள்ள விடலன்னா வாசல்ல நின்னிருப்போம். அவரு வெளிய வந்து எங்களைப் பாத்திருப்பாரு. அது போதும்டா எங்களுக்கு. அத நீ முடிவு பண்ணிட்ட.”

காற்று போனுக்குள் இரைந்தது.

“சார் பக்கத்துல இருக்காரா?”

“இருக்காருண்ணே.”

“போனை அவருகிட்ட குடு. நீ ரூமுக்கு வா, பேசிக்கிறேன்.”

கொடுப்பதற்குள் அண்ணன் திரையிலிருந்து காணாமல் போனார். திரும்பி வந்தபோது பனியனுக்கு மேல் சட்டை போட்டு, காலர் பட்டன் வரை மாட்டியிருந்தார். தலையைக்கூடத் தடவிச் சரிசெய்திருந்தார்.

“சார்,” என்றார். “சாரி சார். கொஞ்சம் லேட். சாய் இருக்கா?”

இயன் சார் போனைப் பாறை மேல் சாய்த்து நிறுத்திவிட்டு ஃபிளாஸ்க்கைத் திருகித் திறந்தார். ஒரு கப்பில் டீயை ஊற்றி, பாறை மேல், போனுக்கு நேர் எதிரே வைத்தார்.

“இருக்கு செல்வா. யல்லா, உட்கார்.”

கட்டம் கட்டமாக எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். சார், என்ன தெரியுதா சார்? சார், முடியெல்லாம் வெளுத்துப்போச்சே சார்? அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அண்ணன் சொல்லிக்கொடுத்த அந்த ரெண்டு வார்த்தையையும் சொன்னார். அரியலூர்க் கட்டத்தில் வீட்டுப் பெண்கள் இருந்திருப்பார்கள்போல, படக்கென்று கேமரா மேலே திரும்பி மின்விசிறியைக் காட்டியது.

பிறகு போனை என் கையில் கொடுத்து, கீழே குடாவைக் காட்டச் சொன்னார். பிறை மணல், பச்சைத் தண்ணீர், வீடு, நான் வந்த ஒத்தையடிப்பாதை. மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்து தண்ணீருக்குள் இருந்த பாறையில் நிறுத்தினேன். அண்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையருகே முகத்தைக் கொண்டுவந்தார்.

“கேமல்தான் சார்.”

“மாடு,” என்றார் இயன் சார்.

அவர் ரெண்டாவது கப்பில் டீ ஊற்றி, என்னைப் பார்க்காமலே என் பக்கம் நீட்டினார். எனக்குக் குடிக்கக் கை இல்லை. பாறை மேலிருந்த கப்பிலிருந்து ஆவி எழும்பிப் போன் கேமராவின் கண்ணாடியை மங்கலாக்கிக்கொண்டிருந்தது. சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து, ஆடாமல், போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.